பாதிக் கடலில் ஒரு தேர்தல்

கடல் தாண்டப் புறப்பட்ட பூநாரைக் கூட்டம், செங்காலியை ஆரவாரத்தோடு தலைவியாக்கியது. பாதி வழியில் ஒரு மணல்திட்டில் இறங்கி, அவளுக்குப் பக்கத்தில் பறக்க ஒரு துணைத் தலைவனைத் தேர்ந்தெடுத்தார்கள். வழியெல்லாம் அவளைக் குறை சொல்லிவந்த நெட்டையனுக்கே வாக்குகள் குவிந்தன.

செங்காலி தன் தோழி வெள்ளச்சியிடம் கேட்டாள்: “நீகூட அவனுக்குத்தானே போட்டே? நான் வழி தப்பிட்டேனா?”

“வழி சரிதான். ஆனா விட்டுவந்த கரையும் தெரியலை, போற கரையும் தெரியலை. பசிக்கும்போது எங்க கண்ணுல படறது உன் முதுகு மட்டும்தான்.”

செங்காலி சிறகை விரித்தாள். நெட்டையன் அவளருகே பறந்தான். எதிர்க்காற்று முகத்தில் அடித்ததும் அவன் பேச்சு நின்றது.

கொஞ்ச தூரம் போனதும், பின்னால் வந்தவர்கள் அவனையும் சேர்த்து முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.