பழம் கூடாது

திரும்பி வந்த லாரியின் கதவைத் திறந்ததும் இலைகள் சரசரவென்று அவள் காலில் கொட்டின.

எல்லாம் பச்சை. ஒன்றுகூட வாடவில்லை. உள்ளே தொட்டிச்செடிகள் குச்சி குச்சியாக நின்றன.

ஒரே ஒரு ஆப்பிளா இத்தனை வேலை பார்த்தது?

பழம் கூடாது என்று, இந்தச் செடிப்பண்ணைக்கு வேலைக்கு வந்த அன்றே பூட்டு சொல்லியிருந்தான். பூட்டு என்பது சூப்பர்வைசருக்கு அவளும் கூட வேலை பார்க்கும் மூன்று பெண்களும் வைத்த பேர். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து. அவன் சிரித்தால் ஷெட் இடிந்துவிடும் என்பாள் அவர்களில் ஒருத்தியான சிரிப்புக்காரி.

இலை நன்றாக இருக்கும்வரை ஆக்ஸின் என்ற ஹார்மோனைக் காம்பு வழியாக அனுப்பிக்கொண்டே இருக்குமாம். அதுதான் பிடிமானம். பழுத்த பழம் எத்திலீன் என்று ஒரு வாயுவை விடும். மூடிய இடத்தில் அது சேர்ந்தால் பிடிமானம் போச்சு.

"செடியே இலையை அறுத்து விட்டுடும்மா. யாரும் பிடுங்கவே வேணாம்."

அதற்காகத் தினமும் நான்கு பெண்களின் பைகளையும் கவிழ்த்துப் பார்ப்பான்.

ஷெட்டில் வேலை பார்க்கும் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் முதலாளியின் டிராயரில் இருந்தது. அந்த டிராயருக்கு மட்டும் பூட்டிடம் சாவி கிடையாது. இந்த ஆர்டர் போகட்டும், தருகிறேன் என்பார் முதலாளி. போனதும் அடுத்தது வந்துவிடும்.

இந்தத் தடவை சரக்கு கெட்டால் எல்லாத்தையும் இழுத்து மூடிவிட்டு அத்தனை பேரையும் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று அவர் போனில் ஷெட் அதிரக் கத்தியிருந்தார்.

ஊரில் அவள் மகன் இப்போது சித்தியைத்தான் அம்மா என்கிறான். இவள் 'போன் அம்மா'.

டிபன் டப்பாவின் அடித்தட்டில் வைத்து ஆப்பிளைக் கொண்டுவந்து, லாரி கிளம்புமுன் தொட்டிகளுக்கு நடுவே ஒளித்திருந்தாள்.

முதலாளி லாரிக்குள் எட்டிப் பார்த்தார். மூடுகிற பேச்சையே எடுக்கவில்லை. புதுச்செடி வளர்ந்து கிளம்பும்வரை ஒருத்தரும் நகரக் கூடாது என்றார். என்ன கோளாறு என்று பார்க்கச் சொல்லிவிட்டு வெளியே நின்றுகொண்டார்.

பூட்டு உள்ளே ஏறினான். கூடமாட உதவிக்கு அவளையும் ஏறச் சொன்னான்.

ஒவ்வொரு தொட்டியாக நகர்த்தினான். குனிந்து ஒரு ஆப்பிளை எடுத்தான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

திறந்தபோது அவன் கையில் இருந்தது பச்சை ஆப்பிள். அவள் வைத்தது சிவப்பு.

அடுத்த வரிசையில் இன்னொன்று. ஆசை தாங்காமல் ஒரு கடி கடித்தது. கீழே சிரிப்புக்காரி தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் மூன்றாவது, ஒரு காலுறைக்குள். தினமும் அவர்கள் அறையின் துணிக்கொடியில் பார்க்கிற காலுறை.

நான்காவது அவளுடையது.

நான்கு பேரும் ஒரே அறையில்தான் படுக்கிறார்கள். ஒருத்தியும் மூச்சு விட்டதில்லை.

வெளியிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார், என்ன கிடைத்தது என்று.

பூட்டு நான்கையும் ஜாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல சார். கூலர்தான் மக்கர் பண்ணியிருக்கு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அவன் நேராக நடந்து, கூரையோடு ஒட்டியிருந்த கூலர் பெட்டியைத் திறந்தான். கையை விட்டு ஐந்தாவது ஆப்பிளை எடுத்தான்.

அதை மட்டும் அவன் தேடவில்லை.