யாரோட ஐடியா?

"அது என் ஐடியா சார். வேற யாருக்கும் இதுல பங்கு கிடையாது."

ஸ்டூடியோக் கதவைத் திறந்ததும் அக்காவின் காதில் விழுந்தது இதுதான். சொன்னவர் இசையமைப்பாளர். எதிரே தயாரிப்பாளரும் டைரக்டரும். மூலையில் சவுண்டு இன்ஜினியர். அவளைப் பார்த்ததும் பேசிக்கொண்டிருந்த மூன்று பேரும் கப்சிப்.

எதைப் பற்றிய பேச்சு என்று அவள் கேட்கவே வேண்டியதில்லை. ஸ்பீக்கரில் அவள் வைத்த தையல் மிஷின் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

ஸ்டூடியோவில் எல்லாருக்கும் அவள் 'அக்கா'. இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார். எந்த இடத்தில் எந்த வாத்தியம் வரவேண்டும் என்று கோப்பது அவள் வேலை. பல வருஷமாக அதே தாளம், அதே கோரஸ், அதே இடத்தில் கைதட்டல். "போன படத்துல ஓடிச்சே, அந்த மாதிரியே ஒண்ணு" என்று கேட்டுத்தான் வருவார்கள். இவர்களும் அந்த மாதிரியே ஒன்று கொடுப்பார்கள்.

இந்தத் தடவை அவளுக்கு மனசு கேட்கவில்லை. மகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் ஒரு தாய் பாடுகிற பாட்டு. நடுவில் எல்லா வாத்தியத்தையும் நிறுத்திவிட்டு, தன் வீட்டுத் தையல் மிஷின் சத்தத்தை மட்டும் வைத்தாள். விறுவிறுவென்று ஓடி, தயங்கி, நூல் அறுந்து நிற்கும். அப்புறம் அந்தத் தாயின் குரல் மட்டும் தனியாக வரும்.

இசையமைப்பாளர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருக்கட்டும்க்கா. இதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்றார்.

அந்த மனுஷனா இன்றைக்கு இப்படி!

"நல்லாக் கேட்டியா? பங்கு கிடையாதுன்னா சொன்னாரு?" என்றார் வீட்டில் கணவர்.

"காதை வெச்சுத்தாங்க நான் பொழைக்கிறேன்."

"போன் அடிக்குது பாரு. அவருதான்."

"அடிக்கட்டும்."

"எடுத்து நறுக்குனு நாலு வார்த்தை கேட்டுடேன்."

"நேர்லயே கேக்கறேன். எல்லாப் பாட்டும் ஒரே பாட்டுன்னு ஊரே சிரிச்சப்ப, தம்பி தம்பின்னு கூடவே நின்னேன். சொந்தமா ஒண்ணே ஒண்ணு செஞ்சேன். அதையும் தூக்கி வாயில போட்டுக்கிட்டார்."

கணவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"முதல்ல சாப்பிடு. சண்டை போடத் தெம்பு வேணாமா?"

மறுநாள் காலை, ஸ்டூடியோச் சாவியை அவர் மூஞ்சிக்கு நேராக வீசிவிட்டு வருவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனாள். அவர் நாற்காலி காலியாக இருந்தது. கீபோர்டும் இல்லை. சவுண்டு இன்ஜினியர் மட்டும் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க உங்க சார்?"

"படத்துலருந்து தூக்கிட்டாங்கக்கா. வேற ஆள் வர்றார்."

"தூக்கிட்டாங்களா? எதுக்கு?"

"எல்லாம் அந்தத் தையல் மிஷினுக்குத்தான். ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுன்னு ஜனங்க எழுந்து போயிடுவாங்கன்னு தயாரிப்பாளர் ஒரே குதி. வெட்டிடுங்கன்னார். சார் மாட்டேன்னுட்டார்."

அக்கா அந்தக் காலி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான்?"

"உங்களுக்கு ஒண்ணுமில்லக்கா. நீங்கதான் இந்தப் படத்தை முடிச்சுக் கொடுக்கணும்னு சார் கேட்டுக்கிட்டுத்தான் போனார். இதைச் சொல்லத்தான் ராத்திரி பூரா உங்களுக்கு போன் போட்டிருக்கார்."

அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"அதெல்லாம் சரி. செஞ்சது நான்தானே? அதைச் சொல்ல என்னவாம்?"

இன்ஜினியர் வயரைக் கீழே வைத்தார்.

"செஞ்சது யாரு, அந்த ஆள் இனிமே எந்த ஸ்டூடியோ வாசலையும் மிதிக்கக் கூடாதுன்னு தயாரிப்பாளர் கத்தினார்க்கா. 'பேரை மட்டும் சொல்லுங்க, நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க'ன்னார். அப்பதான் நீங்க கதவைத் திறந்தீங்க."