காது சிவக்கும் நேரம்

"அம்மா, அப்பாவுக்குக் காது செவக்குது. சீக்கிரம் தட்டும்மா."

சமையலறை வாசலில் நின்று ஷெரின் கிசுகிசுத்தாள். கேசரி கிளறிக்கொண்டிருந்த ரோஸி மேரி அடுப்பை அணைத்தாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? கணவர் சவரிராயனுக்கு முதலில் காது சிவக்கும், அப்புறம் மூக்கு விடைக்கும், அதற்கப்புறம் வாய் திறக்கும். திறந்த வாயை அந்தோணியாரே வந்தாலும் மூட முடியாது. அவர் தம்பி மகள் நிச்சயத்தில், ஆறின காபிக்காக இவர் போட்ட சத்தத்தில் அந்தச் சம்பந்தமே முறிந்து போனது.

இன்று கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் திருக்கனூர் காய்கறி மண்டி பாக்யராஜ். ஷெரின் விரும்பும் லியோ பிரகாஷின் அப்பா. இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று அடம்பிடித்துவிட்டு, மகன் கெஞ்சிய கெஞ்சலில் இன்றுதான் கரிக்கலாம்பாக்கத்துக்கு வந்திருந்தார். இன்று கெட்டால் கெட்டதுதான்.

எல்லாம் அந்த மணியை நம்பித்தான்.

போன வருஷம் சவரிராயனுடைய கம்பெனியில் தியான வகுப்பு வைத்தார்கள். மொட்டைத்தலை வாத்தியார் ஒருவர் வந்து புத்தர் வழியில் நாலு விஷயம் சொல்லிக் கொடுத்தார். "கோபம் வந்தா, வந்திருக்குன்னு உத்துப் பாருங்க. அதுக்கே வெட்கம் வந்து போயிடும்" என்றார். போனில் ஓர் ஆப்பும் ஏற்றிக் கொடுத்தார். அவ்வப்போது அது டொய்ங் என்று மணி அடிக்கும். அடித்தால் கையில் இருப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடி மூன்று மூச்சு.

அன்று முதல் மனுஷன் இட்லியைப் பிட்டால் இட்லியையே பார்த்தார், தட்டைக் கழுவினால் தட்டையே பார்த்தார். ஆனால் அந்தப் பாழாய்ப்போன ஆப்பு, அவர் அக்கடா என்று பேப்பர் படிக்கும்போது அடிக்கும். பால்காரரிடம் குதிக்கும்போது ஊமையாகக் கிடக்கும்.

அந்த வாரக் கடைசியில் கேபிள்காரரைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ரோஸி மேரியின் கையிலிருந்து கரண்டி நழுவி வெண்கலக் கிண்ணத்தில் விழுந்தது. டொய்ங். கூடத்தில் பேச்சு நின்றது. எட்டிப் பார்த்தால், சவரிராயன் கண்ணை மூடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயதில் மாதா கோயிலில் பூசைக்கு மணி அடித்தவர். மணிக்கு அடங்கிப் பழகிய உடம்பு.

அன்றிலிருந்து கிண்ணம் மிக்சிக்குப் பின்னால் குடியேறியது. காது சிவந்தால் ஒரு தட்டு. வீடு நிம்மதியாக இருந்தது. "எனக்குக் கோவம் வர்றது இந்த ஆப்புக்கு எப்படித்தான் தெரியுதோ" என்று அவர் அடிக்கடி வியப்பார். அம்மாவும் மகளும் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

இப்போது ரோஸி மேரி மிக்சிக்குப் பின்னால் கையை விட்டாள். கிண்ணம் இல்லை.

"ஷெரின், கிண்ணத்த எடுத்தியாடி?"

"நான் ஏம்மா எடுக்கப்போறேன்?"

சிங்கில் இல்லை, அலமாரியில் இல்லை. எவர்சில்வர் டம்ளரைத் தட்டிப் பார்த்தாள், டக் என்றது. அவருடைய போன் அங்கேயே சார்ஜில் கிடந்தது. அதுவும் வாய் திறக்கவில்லை.

கூடத்தில் பாக்யராஜ் விடவில்லை. "இன்னா சார், போயும் போயும் வயலுக்கு நடுவுல வூட்ட கட்டி வச்சிருக்கீங்க. மழைக்குத் தண்ணி நிக்குமே. வெவரம் தெரிஞ்சவங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

கூடவே நின்று, தன் கையால் தண்ணீர் ஊற்றி சவரிராயன் கட்டிய வீடு. செத்தோம் என்று ரோஸி மேரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தமே வரவில்லை. மெல்ல எட்டிப் பார்த்தாள். சவரிராயன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார், தலைய சுத்துதா?"

"இல்லீங்க, பெல் அடிச்சுது. அடிச்சா கொஞ்சம் மூச்ச கவனிக்கணும்."

"எனக்குக் கேக்கலியே."

"எனக்குக் கேட்டுச்சு" என்று சவரிராயன் சிரித்தார். "நீங்க சொல்றதும் கரெக்ட்டுதான். போன மழைக்கு வாசல்லியே கெண்ட மீனு புடிச்சோம். பொண்ண இட்டுக்கினு போயிட்டீங்கன்னா, அடுத்த மழைக்கு நாங்களும் திருக்கனூருக்கே வந்துடறோம்."

பாக்யராஜ் குலுங்கிச் சிரித்ததில் காபி வேட்டியில் கொட்டியது. "வாங்க சம்பந்தி, தாராளமா வாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் ஷெரின் அம்மாவின் தோளில் முகம் புதைத்தாள். வரும் ஞாயிறே கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லிவிடலாம் என்று முடிவானது.

கார் தெருமுனை திரும்பியதும் ரோஸி மேரி நாற்காலியில் சாய்ந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இருந்தும் மனசுக்குள் ஒரு குடைச்சல்.

"ஏங்க, பெல் அடிச்சுதுன்னீங்களே, எங்கேருந்து?"

அவர் எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு சமையலறையில் எதையோ உருட்டினார். திரும்பி வந்து அவள் கையில் கேசரியை வைத்தார்.

"காலையிலேருந்து நீ ஒன்னும் சாப்புடல. இந்தா."

கேசரி இருந்தது அதே வெண்கலக் கிண்ணத்தில்.

"இது… ஒங்ககிட்ட எப்படிங்க?"

"நாந்தான் எடுத்து வச்சேன். பொண்ணு விஷயம் பேசற அன்னைக்காவது நீ என் காதையே பாத்துக்கினு நிக்க வேணாம்னு" என்றார் சவரிராயன். "இத நீ ரெண்டாவது தடவ தட்டுன அன்னைக்கே போன்லேருந்து அந்த ஆப்ப எடுத்துட்டேன் ரோஸி. ஒரு வூட்டுக்கு ரெண்டு பெல்லு எதுக்கு?"