நான்காவது பட்டை

வளைகுடா நகரின் சத்வா பகுதியில் வைரவனின் தையல் கடை. கண்ணாடிக் கதவு வழியே வந்த மாலை வெயில், மேசையில் கிடக்கும் கருநீலக் கோட்டின் மேல் விழுந்திருக்கிறது. கோட்டின் இரு கைகளிலும் நான்கு நான்கு தங்கப் பட்டைகள் மின்னுகின்றன. வாடகைக்கு எடுத்த விமானங்களில் பாதியை ஏர்லைன்ஸ் கம்பெனி திருப்பிக் கொடுத்துவிட்டது. கடைசியாகக் கேப்டன் ஆனவர்கள் எல்லாரும் நாளையிலிருந்து மறுபடியும் கோ-பைலட்டுகள். அவர்களுக்கு மூன்று பட்டைதான். அவர்களில் ஒருவரான சிவசங்கரன் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, வைரவனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிளேடு முனை நான்காவது பட்டைக்கு அடியில் நுழைகிறது, ஒரு நூலை அறுக்கிறது, நிற்கிறது. ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டுகிறது. சிவசங்கரனுக்கு மனைவியின் போன் வருகிறது; பின்னால் மகளின் குரலும் கேட்கிறது. "கடையிலதான் இருக்கேன் கலா. அனன்யாகிட்ட நீ எதுவும் சொல்லாத. நானே வந்து சொல்லிக்கறேன்." வைரவன் தலை நிமிராமல் பேசுகிறார். "லேட்டாகுதுன்னு கோச்சுக்காதீங்க சார். போன வருசம் இத வச்சது நாந்தான். நம்மூர் ஆளு கேப்டனாயிட்டாருங்கிற சந்தோசத்துல, எந்தக் காலத்துலயும் பிரியக் கூடாதுன்னு ரெட்டைத் தையலா போட்டுட்டேன்." சிவசங்கரன் கோட்டின் இன்னொரு கையை வைரவன் பக்கமாக நகர்த்தி வைக்கிறார்.