சரணம் வராத பாட்டு

பழைய சாமான் கடையில் ஒரு ஆம்ப்ளிஃபயர் கிடந்தது. புதிதில் அதன் விலையைக் கேட்டாலே தலை சுற்றும்.

"வந்துட்டாருப்பா உன் ஆளு," என்றது பக்கத்திலிருந்த மேஜை விசிறி.

கடைக்குள் வந்த சம்பந்தம், வழக்கம்போல் அந்த ஆம்ப்ளிஃபயரில் தனக்குப் பிடித்த பாட்டைப் போட்டார். பல்லவி முடிவதற்குள் நிறுத்தி, பேஸைக் கூட்டினார். மறுபடி முதலிலிருந்து போட்டார். ஸ்பீக்கரில் காதை ஒட்டி, இரைச்சல் வருகிறதா என்று பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்றேங்க," என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"வாராவாரம் இதே கூத்து. உனக்கு அலுக்கலையா?" என்றது விசிறி.

"அலுத்துத்தான் போச்சு. ஆனா இவர் என்னை வாங்கிட்டா, வீட்டுலயாவது அந்தப் பாட்டோட சரணத்தைக் கேட்டுடலாம். அந்த ஒரு ஆசையிலதான் ஓடிட்டிருக்கேன்."

அடுத்த வாரம் சம்பந்தம் ஒருவழியாக அதை வாங்கிவிட்டார். வீட்டு அலமாரியில் ஏற்கெனவே சில ஆம்ப்ளிஃபயர்கள் தூசி படிந்து கிடந்தன. அவற்றின் நடுவே இதையும் வைத்தார்.

அவர் நகர்ந்ததும் இது மெல்லக் கேட்டது: "அண்ணே, அந்தப் பாட்டுல சரணம் எப்படி இருக்கும்?"

மூத்த ஆம்ப்ளிஃபயர் பெருமூச்சு விட்டது.

"உன்கிட்ட கேக்கலாம்னுதான்பா நாங்க காத்துக்கிட்டிருந்தோம்."