முதல் துளி மண்ணுக்கு

மலைநகரமான கூஸ்கோவின் காலை வெயில், நோட்டரி அலுவலக வாசலில் நிற்கும் சிவப்பு பைக்கின் டேங்கில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. கைப்பிடியில் வண்ணக் காகிதச் சுருள்கள், இருக்கையில் மஞ்சள் பூவிதழ்கள். எட்டு வருஷம் அதை ஓட்டிய காசில்டாவின் கட்டைவிரலிலும், அதை வாங்கிய எஸ்தோனியப் பயணி கிர்ஸ்டியின் கட்டைவிரலிலும் ரேகை வைத்த மை இன்னும் காயவில்லை. வெளிநாட்டுக்காரி கையெழுத்துப் போடுவதற்கே தனி அனுமதி, பிறகு பெயர் மாற்றம் என்று மூன்று வாரம் இழுத்தடித்த காகித வேலையெல்லாம் முடிந்துவிட்டது. சாவி மட்டும் இன்னும் காசில்டாவின் பாவாடைப் பைக்குள் கிடக்கிறது. அவள் பீர் நிரம்பிய கிளாஸை நீட்டுகிறாள். கிர்ஸ்டி மரியாதையாக வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிடுகிறாள். “அடிப்பாவி! பூமித்தாய்க்கும் வண்டிக்கும் ஊத்தக் குடுத்தா நீயே குடிச்சிட்டியே! இனி எந்த மலை ஏறும் இது?” “ஐயோ, தெரியாம பண்ணிட்டேன்க்கா! இன்னொண்ணு ஊத்துங்க.” இந்த முறை முதல் துளி மண்ணுக்கு, மிச்சம் சக்கரங்களுக்கு. ஆரக்கால்களில் நுரை மினுமினுத்து வழிகிறது. காசில்டா சாவியைப் பாவாடையில் ஒருமுறை துடைத்துக் கொடுக்கிறாள். “நாலு உதையாவது உதைக்கணும். எங்கிட்ட ஒருநாளும் முதல் உதைல கிளம்புனதில்ல.” கிர்ஸ்டி ஒரே உதை உதைக்கிறாள். பைக் உறுமிக்கொண்டு கிளம்பத் தயாராகிறது. காசில்டா இடுப்பில் கைவைத்து அதை முறைக்கிறாள். “நன்றிகெட்டவளே! எட்டு வருஷம் எண்ணெய் ஊத்துனவளை விட்டுட்டு, ஒரு கிளாஸ் பீருக்கு மயங்கிட்டியேடி!”