பிடுங்கிய கன்றுகள்

"திருடன்! கையும் கூடையுமா மாட்டிக்கிட்டான் பாருங்க மேடம்!"

மெல்கோரா போட்ட சத்தத்தில் சேற்றில் நின்ற கொக்குகள் எழுந்து பறந்தன.

கடல் வற்றியிருந்த காலை. பிலிப்பைன்ஸின் பனாய் தீவில் எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கம் நட்ட அலையாத்திக் கன்றுகளை எண்ணிப் பார்க்க வன அதிகாரி நெரிசா வந்திருந்தாள். வருடத்துக்கு ஆயிரம் கன்று வன இலாகா அனுப்பும். போன வாரம் நட்டதை விட்டுவிட்டால், முந்தைய இரண்டு வருடத்தில் தேறியது நாற்பத்தொன்று.

"மத்ததெல்லாம் எங்கே?" என்று சங்கத் தலைவி மெல்கோராவை அவள் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், நண்டு பிடிக்கும் அன்செல்மோ முதுகில் கூடையோடு அந்தப் பக்கம் வந்தான். கூடை நிறைய, போன வாரம் நட்ட கன்றுகள்.

"நீங்களா பிடுங்கினீங்க?"

"ஆமா மேடம்."

"கூசாம சொல்றான் பாருங்க! எதுக்குடா, உன் சண்டைச் சேவலுக்கு வேலி கட்டவா?"

கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"எங்க கொண்டு போறீங்க?" என்றாள் நெரிசா.

"என் மீன் குளத்துக்கு."

"கேட்டீங்களா? சொந்தக் குளத்துக்கு! புயல்ல பதினோரு வீடு போச்சு இந்த ஊர்ல. கடலுக்கு ஒரு தடுப்பு வேணும்னு நாங்க இடுப்பொடிய நட்டா, இவன் பிடுங்கிட்டுப் போறான்!"

"குளத்தைப் பார்த்துட்டு வரலாம்."

"அந்தச் சேத்துக்குள்ள நீங்க எதுக்கு மேடம்? இங்கயே அபராதம் எழுதுங்க."

நெரிசா நடக்கத் தொடங்கியிருந்தாள்.

குளத்தில் மீன் இல்லை. கடல் பக்கத்துக் கரை இரண்டு இடத்தில் வெட்டி விடப்பட்டிருந்தது. உள்ளே ஆள் உயரத்துக்கு அலையாத்தி மரங்கள். அடுத்து இடுப்பு உயரத்துக் கன்றுகள். அறுநூற்றுக்குக் குறையாது.

"கரையை யார் வெட்டினது?"

"நான்தான். கன்றுக்குத் தண்ணி வந்து வந்து வடியணும் மேடம். அங்க கடலோரத்துல அலை அடிச்சு வேர் பிடிக்க விடாது. பிடிச்சாலும் கொட்டலசுச் சிப்பி தண்டுல ஒட்டி ஏறி, பாரம் தாங்காம சாஞ்சுடும்."

"வளர்த்த மீன்?"

"கடலுக்குப் போயிடுச்சு. இப்ப நண்டுதான் பிழைப்பு."

"இதைச் சங்கத்துல சொல்லலையா?"

"முதல் வருஷமே சொன்னேன். நண்டு பிடிக்கிறவன் எங்களுக்குப் பாடம் நடத்துறானான்னு கேட்டாங்க."

"காய் பொறுக்கி நீங்களே கன்று வளர்க்கலாமே?"

"காய்க்கத் தாய்மரம் வேணுமே மேடம்! குளம் வெட்டுறோம்னு எங்க அப்பா காலத்துலயே எல்லாத்தையும் வெட்டித் தீர்த்துட்டோம். நீங்க அனுப்பினாத்தான் உண்டு."

நெரிசா சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து, சங்கம் போன வருடம் அனுப்பிய படத்தைத் திறந்தாள். பச்சைக் கன்றுகளுக்கு நடுவில் சங்கத்துப் பெண்கள். நடுநாயகமாக மெல்கோரா. பின்னால் வெட்டி விட்ட கரை. 'நாங்கள் நட்டவை, நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தன' என்று கீழே எழுதியிருந்தது.

"இது இந்தக் குளம்தானே?"

மெல்கோரா சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். மற்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை.

"இவங்க இப்படி அனுப்பினது உங்களுக்குத் தெரியுமா, அன்செல்மோ?"

"தெரியும் மேடம். படம் எடுத்துக் கொடுத்ததே நான்தான்."

நெரிசா அறிக்கைத் தாளில் 'நடும் இடம்' என்ற வரியில் இருந்ததை அடித்துவிட்டு, 'அன்செல்மோவின் குளம்' என்று எழுதினாள். மனசு ஆறாமல் கேட்டாள்:

"எல்லார் முன்னாடியும் திருடன்னு சொன்னாங்களே. அப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

அன்செல்மோ கூடையை இறக்கி வைத்துவிட்டு, கையால் சேற்றில் குழி பறித்தான்.

"சொல்லியிருந்தா, கன்று அனுப்புறதையே நிறுத்திடுவீங்களோன்னு பயந்துட்டேன் மேடம்."